நார்வேயில் முதல் வருடம்: செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

ஆண்டுக்கு 6,00,000 குரோனர் சம்பளம் என்று ஆஸ்லோவிலிருந்து வேலைக்கடிதம் வந்ததும் நாம் எல்லோரும் முதலில் செய்வது ரூபாயில் பெருக்கிப் பார்ப்பதுதான். ஒரு குரோனர் எட்டரை ரூபாய் என்று வைத்தால்கூட ஐம்பது லட்சத்தைத் தாண்டுகிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். நாலு நாள் கழித்து, அங்கே ஏற்கெனவே இருக்கும் யாரோ ஒருவர், ஒரு காபி ஐம்பது குரோனர், முடி வெட்ட ஐந்நூறு என்று சொல்வார். மறுபடியும் பெருக்குவோம், வயிற்றைக் கலக்கும்.

இந்த இரண்டு பெருக்கலும் உதவாது. அங்கே சம்பாதித்து அங்கே செலவழிப்பவருக்கு ரூபாய்க் கணக்கு ஊருக்குப் பணம் அனுப்பும் அன்றைக்கு மட்டும்தான் தேவை. உண்மையில் புதிதாக வருகிறவரைத் தடுமாற வைப்பது காபி விலையோ தக்காளி விலையோ இல்லை. நார்வேயின் ஏற்பாடுகள் எல்லாமே, நீங்கள் போன வருடமும் இங்கேதான் இருந்தீர்கள் என்ற நினைப்பில் அமைந்திருக்கின்றன. போன வருடம் இருந்தவருக்கு அது அருமையான நாடு. இந்த வருடம் வந்து இறங்கியவருக்கு முதல் பன்னிரண்டு மாதம் கையைக் கடிக்கும். எந்த மாதத்தில் எவ்வளவு கடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

முதலில் வரி. வெளிநாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு 2019 முதல் ஒரு எளிய திட்டம் இருக்கிறது. சமூகக் காப்பீட்டுப் பங்களிப்பையும் சேர்த்து மொத்தச் சம்பளத்தில் 25 விழுக்காடு பிடிப்பார்கள். கழிவு எதுவும் கிடையாது, வருடக் கடைசியில் கணக்குத் தாக்கல் செய்கிற வேலையும் கிடையாது. மாதம் 50,000 குரோனர் சம்பளமானால் கைக்கு 37,500. சாதாரண வரித்திட்டத்தில் இருந்தாலும் இந்தச் சம்பளத்துக்கு ஏறக்குறைய அதே கால்பங்குதான் போகும். "பாதிச் சம்பளம் வரிக்கே போய்விடும்" என்று ஊரில் சொல்வது நடுத்தரச் சம்பளக்காரர்களுக்குப் பொருந்தாது.

பாதி போகிற ஒரு வழி இருக்கிறது, அது வேறு. வரி அட்டை, அதாவது உங்களுக்கு எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று வரி அலுவலகம் தரும் ஆவணம், இல்லாமல் வேலையில் சேர்ந்தால் முதலாளி 50 விழுக்காடு பிடித்தே ஆக வேண்டும், அதுதான் சட்டம். வரி அட்டை வாங்க வரி அலுவலகத்துக்கு நேரில் போய் அடையாளத்தைக் காட்ட வேண்டும், அதற்கு முன்பதிவு வேண்டும். அதில் அடையாள எண் கிடைத்த பிறகுதான் வங்கிக் கணக்கு, கணக்கு திறந்த பிறகுதான் பாங்க்ஐடி. இந்த பாங்க்ஐடி என்பது நம் ஆதார் ஓடிபி மாதிரி. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட, மருத்துவரைத் தேர்ந்தெடுக்க, குழந்தையைப் பள்ளியில் சேர்க்க என எல்லாக் கதவுக்கும் அதுதான் சாவி. ஒன்று தாமதமானால் பின்னால் நிற்பவை எல்லாம் தாமதமாகும். அதிகமாகப் பிடித்த வரி பிறகு திரும்பி வரும் என்பது நிஜம். ஆனால் முதல் மாதம் 25,000 கையில் வாங்கிக்கொண்டு ஆஸ்லோவில் வீடு தேடுவது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் வீடு. செலவில் பெரியது இதுதான். ஆஸ்லோவில் தம்பதி இருவர் இருக்கிற மாதிரி ஒரு சிறிய வீட்டுக்கு மாதம் 13,000 முதல் 17,000 வரை வைத்துக்கொள்ளலாம். இடத்தைப் பொறுத்து இன்னும் ஏறும். விளம்பரத்தைப் படிப்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. அங்கே "இரண்டு ரூம்" என்றால் ஒரு ஹாலும் ஒரு படுக்கையறையும்தான். நம் ஊர் கணக்கில் டூ பெட்ரூம் வேண்டுமானால் "மூன்று ரூம்" தேட வேண்டும். தரைக்குக் கீழே பாதி இறங்கிய வீடுகள் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். தனி வீடு கட்டியவர்கள் கீழ்த்தளத்தை வாடகைக்கு விடும் பழக்கம் அங்கே பரவலாக இருப்பதால் அவை நிறைய இருக்கின்றன. குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவு என்பதைத் தவிர பெரிய குறை சொல்ல முடியாது.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பது வழக்கம். சட்டப்படி ஆறு மாதம் வரை கேட்கலாம். வாடகை 15,000 என்றால் அட்வான்ஸ் 45,000, முதல் மாத வாடகையோடு சேர்த்து 60,000. ஏறக்குறைய ஐந்து லட்சம் ரூபாய், முதல் சம்பளம் வருவதற்கு முன்பே. இந்த அட்வான்ஸ் வீட்டுக்காரர் கையில் போகக் கூடாது என்பது நார்வே வாடகைச் சட்டத்தின் நல்ல அம்சம். வாடகைக்கு இருப்பவர் பெயரில் ஒரு தனிக் கணக்கு திறந்து, அதில் பூட்டி வைக்க வேண்டும். இரண்டு பேரில் யாரும் மற்றவர் சம்மதமில்லாமல் தொட முடியாது, வட்டி வாடகைக்காரருக்கு, கணக்கு திறக்கும் செலவு வீட்டுக்காரருக்கு.

சரி, இதில் என்ன பிரச்சினை? அடையாள எண் இல்லாமல் அந்தக் கணக்கைத் திறக்க முடியாது. எண் வரச் சில வாரம் ஆகும். வீடு இன்றைக்கே வேண்டும். இந்த இடைவெளியில்தான் "பரவாயில்லை, என் கணக்கில் போட்டுவிடுங்கள்" என்று சொல்கிறவர்கள் வருகிறார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு, வீடே இல்லாமல் படத்தை மட்டும் காட்டிப் பணம் பறிக்கிறவர்களும் உண்டு. எப்படியிருந்தாலும் அப்படி வாங்குவது சட்டத்துக்கு எதிரானது. வேலை தருகிற நிறுவனத்திடம் முதல் இரண்டு மாதத்துக்குத் தங்க இடம் கேட்டுப் பாருங்கள். சம்பளத்தில் பத்தாயிரம் கூட்டிக் கேட்பதைவிட அது பெரிய உதவி. பெரும்பாலோர் கேட்பதே இல்லை, கேட்டால் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன.

இப்போது, வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாது என்று நான் நினைக்கிற விஷயம்: விடுமுறைப் பணம். ஃபேரியபெங்கர் என்று சொல்வார்கள். நம் ஊரில் விடுப்பு எடுத்தால் அந்த மாதச் சம்பளம் அப்படியே வரும். நார்வேயில் விடுப்பு நாட்களுக்குச் சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாக, போன வருடம் நீங்கள் சம்பாதித்ததில் 10.2 விழுக்காடு விடுமுறைப் பணமாகச் சேர்ந்திருக்கும். ஐந்து வார விடுப்பு தருகிற ஒப்பந்தம் உள்ள இடங்களில் 12 விழுக்காடு. அது பெரும்பாலும் ஜூன் மாதம் மொத்தமாக வரும். போன வருடம் முழுக்க வேலை செய்தவருக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம். அதனால் ஜூன் வந்தால் நார்வே முழுவதும் முகம் மலரும்.

ஆனால் நீங்கள் ஜனவரியில் வந்து சேர்ந்தவர். போன வருடம் இங்கே ஒரு குரோனர்கூடச் சம்பாதிக்கவில்லை, ஆகவே விடுமுறைப் பணம் பூஜ்யம். விடுப்பு எடுக்கிற உரிமை உண்டு, பணம் இல்லை. பல நிறுவனங்கள் நீங்கள் விடுப்பை எப்போது எடுத்தாலும் கணக்கை ஜூன் மாதத்திலேயே முடித்துவிடுகின்றன, அதாவது ஜூன் சம்பளத்தைக் கழித்துவிட்டு விடுமுறைப் பணத்தைப் போடுகின்றன. கழித்தது ஏறக்குறைய முழுச் சம்பளம், போட்டது ஒன்றுமில்லை. நானும் என் முதல் ஜூன் சம்பளச் சீட்டை மூன்று முறை படித்துப் பார்த்து, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று எழுதிக் கேட்டேன். தப்பு ஒன்றும் இல்லை, சட்டப்படி சரி என்று பொறுமையாக விளக்கினார்கள். வேலைக்குச் சேரும் முன்பு ஒரு வரி சொல்லியிருக்கலாமே என்று இப்போதும் தோன்றும். ஆகஸ்டில் வந்து சேர்ந்தவருக்குக் கொஞ்சம் பரவாயில்லை. ஐந்து மாதச் சம்பளம் 2,50,000 என்றால் அடுத்த ஜூனில் 10.2 விழுக்காட்டில் 25,500 வரும். அப்போதும் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிதான்.

இதற்கு வழி இரண்டு. வேலைக்கடிதம் கையெழுத்தாகும் முன்பே "முதல் வருடம் சம்பளத்தோடு விடுப்பு" என்று எழுதி வாங்குவது ஒன்று, சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன. அது கிடைக்காவிட்டால், ஜூன் மாதம் சம்பளம் இல்லாத மாதம் என்று வைத்துக்கொண்டு வந்த முதல் மாதத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்குவது. முதல் கோடையில் ஊருக்குப் போக டிக்கெட் எடுப்பவர்கள் இதை மறந்தால், சம்பளமில்லாத மாதமும் நாலு பேர் விமான டிக்கெட்டும் ஒன்றாக வந்து நிற்கும்.

மின்சாரக் கட்டணத்தைப் பற்றி ஒரு பத்தி போதாது. நார்வேயின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நீர்மின்சாரம். வீட்டைச் சூடாக்குவதும் பெரும்பாலும் மின்சாரத்தில்தான். எண்ணெய் எரித்துச் சூடாக்குவது 2020 முதல் தடை. நாடு ஐந்து விலை மண்டலமாகப் பிரிந்திருக்கிறது. ஆஸ்லோ ஒன்றாம் மண்டலம், ஸ்டவாங்கர் பக்கம் இரண்டு, துரண்ட்ஹைம் மூன்று, வடக்கே துரோம்சோ நான்கு, பேர்கன் ஐந்து. தெற்கிலிருந்து ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் கடலடிக் கம்பிகள் 2021-ல் வந்தன. வடக்கின் மலிவு மின்சாரம் முழுவதும் தெற்கே வந்து சேர உள்நாட்டுக் கம்பிகள் போதவில்லை. ஆகவே ஐரோப்பாவில் எரிவாயு விலை ஏறிய 2022-ல் தெற்கு நார்வேயின் விலை எகிறியது, வடக்கே அதே நாட்களில் மிகக் குறைவாக இருந்தது. ஒரே நாடு, ஒரே மாதம், இரண்டு உலகம்.

அரசு அதற்குப் பிறகு கை கொடுத்தது. 2025-ல் ஒரு யூனிட் 75 ஓரேவைத் (100 ஓரே ஒரு குரோனர்) தாண்டினால், தாண்டிய பகுதியில் 90 விழுக்காட்டை அரசு ஏற்றது. 2025 அக்டோபர் முதல் இன்னொரு வழியும் வந்தது. வரிக்கு முன் 40 ஓரே என்று நிலையான விலையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எந்த வழி நமக்கு நல்லது என்பது மண்டலத்தைப் பொறுத்தது. தெற்கே நிலையான விலை நிம்மதி, வடக்கே தேவையே படாது.

இதோடு முடியவில்லை. மின்சாரத்துக்கு ஒரு பில், அதை வீடு வரை கொண்டுவரும் கம்பிக்கு ஒரு பில். கம்பிக் கட்டணத்தில் 2022 ஜூலை முதல் ஒரு பகுதி, அந்த மாதத்தில் மூன்று வெவ்வேறு நாட்களில், நாளுக்கு ஒன்றாக, உங்கள் வீடு மிக அதிகம் மின்சாரம் இழுத்த மணி நேரங்களின் சராசரியைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. மாலை ஆறு மணிக்கு அடுப்பு, ஓவன், துணி துவைக்கும் இயந்திரம், ஹீட்டர் எல்லாம் ஒன்றாக ஓடினால் அந்த மாதம் முழுவதும் ஒரு படி மேலே போய்விடுவீர்கள். நாம் விருந்து வைக்கிற வீட்டுக்காரர்கள், மூன்று அடுப்பிலும் ஏதாவது வெந்துகொண்டேயிருக்கும். துணியையாவது ராத்திரிக்குத் தள்ளிப் போடுவது நல்லது. வீடு பார்க்கும்போது "சூடாக்கலும் சுடுதண்ணீரும் வாடகையில் அடக்கம்" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். ஆயிரம் குரோனர் வாடகை கூடுதலாக இருந்தாலும் ஜனவரியில் அந்த வரி தன் மதிப்பைக் காட்டும்.

சாப்பாடு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை, கொஞ்சம் புத்தியாக வாங்க வேண்டும். உணவுக்கு மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காடு, மற்ற பெரும்பாலானவற்றுக்கு 25. உள்நாட்டு விவசாயிகளைக் காக்க இறக்குமதித் தீர்வை கடுமையாகப் போடுகிறார்கள். வெளிநாட்டுக் கெட்டிச் சீஸுக்கு 2013 முதல் 277 விழுக்காடு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கடைகள் மூன்று பெரிய குழுமங்களின் கையில் இருக்கின்றன. கிவி, ரேமா 1000, எக்ஸ்ட்ரா ஆகிய மலிவுக் கடைகளில் அவர்களின் சொந்தப் பெயர்ச் சரக்கை வாங்கினால் பில் கணிசமாகக் குறையும். அரிசி, பருப்பு, புளி, கறிவேப்பிலைக்கு ஆஸ்லோவில் குரோன்லாந்து பகுதி இருக்கிறது, அங்கே காய்கறியும் பெரிய கடைகளைவிட மலிவு. நம் சமையலுக்கு இது பெரிய சாதகம். சாம்பாரும் சோறும் நார்வேயிலும் மலிவான சாப்பாடுதான். ஒரு நாள் நாலு பேர் ஹோட்டலுக்குப் போய் வருகிற காசுக்கு ஒரு வார மளிகை வந்துவிடும். இறைச்சி வாங்க எல்லை தாண்டி ஸ்வீடனின் ஸ்ட்ரோம்ஸ்டாட் பக்கம் காரில் போய் வருவது நார்வேக்காரர்களின் பழைய பழக்கம், நம்மவர்களுக்கும் அது பழகிவிட்டது.

மனிதக் கை படுகிற எதுவும் அங்கே விலை கூடுதல் என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற விலைகள் தாமாகப் புரியும். முடிவெட்டு, குழாய் ரிப்பேர், டாக்சி, ஹோட்டல் எல்லாம் அப்படித்தான். துப்புரவு வேலைக்கே மணிக்கு 200 குரோனருக்கு மேல் குறைந்தபட்சக் கூலி இருக்கிற நாடு அது. அந்த வேலை செய்கிறவரும் கௌரவமாகக் குடும்பம் நடத்துகிறார் என்பதால் இந்த விலையில் எனக்கு வருத்தம் கிடையாது. நாமே செய்துகொள்ளக் கற்றுக்கொள்வோம். பல் வைத்தியம் மட்டும் கவனம். பெரியவர்களுக்கு அது பெரும்பாலும் பொதுக் காப்பீட்டில் வராது, காசு நம் கையிலிருந்துதான். விமானம் ஏறும் முன்பு ஊரிலேயே பல்லைப் பார்த்துவிட்டால் காசு மிச்சம். மற்ற மருத்துவத்தில் 2025-ல் ஆண்டுக்கு 3,278 குரோனர் வரைதான் நம் பங்கு, அதற்கு மேல் இலவசம். ஆனால் அந்தக் கணக்கு ஜனவரி 1 அன்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் கட்டணமே இல்லை.

குழந்தை இருக்கிற குடும்பத்துக்கு நார்வே மிகவும் அன்பான நாடு. பாலர் பள்ளிக்கு அதிகபட்சக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து மாதம் 1,200 குரோனர், இரண்டாவது குழந்தைக்குச் சலுகை, மூன்றாவதுக்கு இல்லவே இல்லை. சாப்பாட்டுக்குத் தனியாகக் கொஞ்சம் வாங்குவார்கள். குழந்தை ஒன்றுக்கு மாதம் ஏறக்குறைய 2,000 குரோனர் அரசு உதவித்தொகை. ஆனால் இங்கேயும் நாள்காட்டி குறுக்கே வரும். மார்ச் 1-க்குள் விண்ணப்பித்தவர்களுக்குத்தான் ஆகஸ்டில் இடம் உறுதி. அக்டோபரில் குழந்தையோடு வந்து இறங்கினால், இடம் காலியாகும் வரை காத்திருக்க வேண்டும், அதுவரை ஒருவர் வீட்டில். இன்னொரு செலவு உடுப்பு. எந்த வானிலையிலும் குழந்தைகள் வெளியே விளையாட வேண்டும் என்பது அங்கே கொள்கை. கம்பளி உள்ளாடை, மழை உடுப்பு, பனி உடுப்பு, இரண்டு வகை பூட்ஸ் என்று பாலர் பள்ளி ஒரு பட்டியலே தரும். புதிதாக வாங்காதீர்கள். ஃபின் என்ற இணையதளத்தில் பழையது நிறைய வரும், சும்மா கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். பனிச்சறுக்குப் பலகை போன்றவற்றை புவா என்ற அமைப்பின் இரவல் நிலையங்களில் காசில்லாமல் வாங்கிப் போகலாம். பள்ளியில் பொதுவாக மதியச் சாப்பாடு கிடையாது, டப்பாவில் கட்டிக் கொடுக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பழகியதுதான்.

இதையெல்லாம் கூட்டிப் பார்ப்போம். கைக்கு வருவது 37,500. வாடகை 15,000, மின்சாரமும் இணையமும் போனும் 2,000 சுற்று, இரண்டு பேருக்குப் பயண அட்டை 2,000 வரை, மளிகை 7,000 முதல் 8,000, உடுப்பு, மருந்து, வீட்டுச் சாமான் என்று ஒரு 3,000. மிச்சம் ஏழெட்டாயிரம். சாதாரண மாதத்தில் இது போதும், சேமிக்கவும் முடியும். அட்வான்ஸ் கட்டிய மாதமும் ஜூன் மாதமும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வருட மிச்சத்தை விழுங்கிவிடும். குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான பணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

மேலே உள்ள கணக்கு ஒருவர் சம்பளத்தில். நார்வே இரண்டு சம்பளத்தை மனத்தில் வைத்துக் கட்டிய நாடு. ஒருவர் மட்டும் சம்பாதிக்கிற குடும்பத்துக்கு முன்பு இருந்த தனி வரிப்பிரிவையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். கூட வருகிற மனைவியோ கணவரோ வேலைக்குப் போகும்வரை பிடி இறுக்கமாகவே இருக்கும். வேலைக்கு மொழி வேண்டும். வேலை விசாவில் வரும் குடும்பங்களுக்கு மொழி வகுப்பு இலவசம் இல்லை. முதல் வருடச் செலவில் எதைக் குறைத்தாலும் அந்த வகுப்புக் கட்டணத்தை மட்டும் குறைக்க வேண்டாம். வந்த நாளிலிருந்து கூட வந்தவர் மொழி படித்த வீடுகளுக்கும், "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்ட வீடுகளுக்கும் ஐந்து வருடம் கழித்து இருக்கிற வித்தியாசம் மிகப் பெரியது.

ஆஸ்லோ மட்டும்தான் நார்வே என்றில்லை. இதை நமக்கு முன்பே கண்டுபிடித்தவர்கள் ஈழத்தமிழர்கள். 1980-களில் வந்தவர்களில் பலர் வடகோடி ஃபின்மார்க்கில் வார்டோ, போட்ஸ்ஃபியோர்ட், ஹொன்னிங்ஸ்வோக் போன்ற மீன்பிடி ஊர்களின் மீன் ஆலைகளில் வேலை பார்த்தார்கள். இரண்டு மாதம் சூரியன் எழாத இருட்டில், குளிரில், நின்றபடி மீன் அறுக்கும் வேலை. சேமித்துப் பிறகு ஆஸ்லோவின் குரூருட் பள்ளத்தாக்குப் பகுதிக்கு இறங்கி வந்து வீடு வாங்கினார்கள். இன்றைக்கு நார்வேயில் குடியேறியவர்களில் சொந்த வீடு வைத்திருப்போர் அதிகமுள்ள சமூகங்களில் அவர்களுடையதும் ஒன்று. வடக்கின் கணக்கு இன்றும் அப்படித்தான் இருக்கிறது. ஃபின்மார்க்கிலும் வட துரோம்ஸிலும் சாதாரண வரித்திட்டத்தில் மற்ற இடங்களில் 22 விழுக்காடாக இருக்கும் அடிப்படை வருமான வரி 18.5 விழுக்காடு, வீட்டு மின்சாரத்துக்கு மதிப்புக்கூட்டு வரி கிடையாது, பாலர் பள்ளி இலவசம். செவிலியருக்கும் பொறியாளருக்கும் அங்கே எப்போதும் ஆள் தேவை. தனிமையைத் தாங்க முடிந்தால் யோசிக்க வேண்டிய வழி.

வீடு வாங்குவது முதல் வருடக் கதை இல்லை, ஆனாலும் ஒரு எச்சரிக்கை. கூட்டுறவுக் குடியிருப்புகளில் விளம்பர விலை குறைவாகத் தெரியும். கட்டடத்தின் பேரில் இருக்கும் பொதுக்கடனில் அந்த வீட்டின் பங்கு தனியாக இருக்கும். மாதாமாதம் கட்டும் பொதுச்செலவுத் தொகையில் அதன் வட்டி ஒளிந்திருக்கும். இரண்டையும் கூட்டித்தான் விலை பேச வேண்டும்.

இரண்டாவது வருடம் ஜூன். முதல் வருடம் ஒரு மாதம் சம்பளமில்லாமல் விடுப்பு எடுத்ததால் பதினொரு மாதச் சம்பளம், 5,50,000. ஐந்து வார விடுப்பு ஒப்பந்தம் இருந்தால் அதில் 12 விழுக்காடு, 66,000 குரோனர், விடுமுறைப் பணமாக வரும். இதற்குள் பெரும்பாலும் சாதாரண வரித்திட்டத்துக்கு மாறியிருப்பீர்கள். அதில் விடுமுறைப் பணத்திலிருந்து அந்த மாதம் வரி பிடிக்க மாட்டார்கள், மற்ற மாதங்களில் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைத்திருப்பார்கள். வழக்கமாக முப்பத்தேழாயிரத்துச் சொச்சம் வருகிற கணக்கில் முழு 66,000 விழுந்திருக்கும். ஊருக்கு டிக்கெட்டை அந்த வருடம் எடுங்கள்.